கேட்டது ஒரு கைதான்

சிம்பாங் பூலாய்,
6 ஜூலை 2025

அன்புள்ள ரூபன் அண்ணனுக்கு,

வணக்கம். பவித்ரன் வீட்டிலிருந்து தினேஸ்வரி எழுதுகிறேன். ஜோகூரில் நீங்களும் அண்ணியும் புதிதாக வந்திருக்கும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். பெண் குழந்தை என்று உங்கள் அக்கா கலாதேவி பசாரில் பார்த்தபோது சொன்னார். உங்கள் ஜாடையாம். மூக்கு மட்டும் அண்ணியுடையதாம். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பீர்கள். உங்கள் பழைய நம்பரை அடித்தால் யாரோ ஒரு மலாய்க்காரப் பெண் எடுத்து, தவறான நம்பர் என்று பொறுமையாகச் சொல்கிறார். மூன்றாவது முறை அடித்தபோது அவரே என்னை நலம் விசாரித்தார். புது நம்பரை அக்காவிடம் கேட்டேன். "யாருக்கும் குடுக்க வேணாம்னு தம்பி சொல்லியிருக்கான்மா, கோவிச்சுக்காதே" என்றார். முகவரியைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லையே என்றேன். மீன்காரரிடம் பேனா வாங்கி எழுதிக் கொடுத்தார். அக்காவைத் திட்டாதீர்கள்.

என் வீட்டுக்காரர் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இடுப்புக்குக் கீழே மாற்றம் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு நைனா முகம்மது பாய் தன் சாப்பாட்டுக் கடை ஆள் ஒருவரைக் கூட்டிவந்து, வாசல் படியைச் சிமெண்ட் போட்டுச் சரிவாக்கிக் கொடுத்தார், சக்கர நாற்காலி இறங்க வசதியாக. அந்தச் சரிவில் இவர் இன்னும் ஒரு தடவைகூட இறங்கவில்லை. பாய் வீட்டுப் பூனைதான் வெயில் காய்கிறது. பிசியோவுக்கு வண்டி வரும் நாளில் வயிறு சரியில்லை என்பார், தலை சுற்றுகிறது என்பார். கட்டாயப்படுத்தினால் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடப்பார்.

நான் பத்து காஜா ஊரில் உள்ள கையுறைத் தொழிற்சாலைக்குத் திரும்பப் போகிறேன். காலை ஷிப்ட். மதியம் பாய் மனைவி ஜைனப் அக்கா சாவி போட்டுத் திறந்து சோறு வைத்துவிட்டுப் போகிறார். சாப்பிட்டாரா என்று கேட்டால், தட்டில் பாதி இருந்தது என்பார். பாதி என்று அவர் சொன்னால் முக்கால்வாசி இருந்தது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டிரோன்.

குன்றின் பாதியில், மரவேரில் மாட்டிக் கிடந்ததை ஏறி எடுத்து, சட்டைக்குள் போட்டுக்கொண்டு இறங்கும்போதுதான் அவருக்குக் கால் வழுக்கியது என்று நீங்கள்தான் என்னிடம் சொன்னீர்கள். மருத்துவமனையில் அவருடைய சாமான்களை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தார்கள். கத்தரித்த சட்டை, பெல்ட், ஒரு காலணி, அந்த டிரோன். அதைக் கொண்டுபோய்ப் பெரிய லோங்காங் சாக்கடையில் வீசிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. எடுத்துக்கொண்டு வாசல்வரை போனேன். ஏனோ திரும்பி வந்து, பையோடு சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டேன்.

போன மாதம் நான் வேலை முடிந்து வந்தபோது அவராகவே கேட்டார். "அந்தப் பை எங்க இருக்கு?" என்றார். எந்தப் பை என்று நான் கேட்கவில்லை. எடுத்துவந்து மடியில் வைத்தேன். சட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு டிரோனை மட்டும் எடுத்துக்கொண்டார்.

முதலில் பேட்டரியைக் கழற்றினார். அது சின்னத் தலையணை மாதிரி உப்பியிருந்தது. என்னைத் தொடவே விடவில்லை. பழைய பிஸ்கட் டின்னில் மணல் நிரப்பி, அதற்குள் வைத்து, பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில் வைக்கச் சொன்னார். "உப்பின பேட்டரிய எக்காரணத்துக்கும் சார்ஜ் போடக் கூடாது. நெருப்பு புடிச்சா லேசுல அடங்காது. ரூபன் ஒரு தடவ போடப் போனான், அறையவே போயிட்டேன்" என்றார். வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் பெயரை அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லும்போது லேசாகச் சிரித்தார்.

அன்றிலிருந்து கட்டில்மேல் போடும் மேசைதான் அவருக்கு ஒர்க்‌ஷாப். பழைய டூத்பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்து மண்ணைத் துடைத்தார். ஒவ்வொரு மோட்டாரையும் விரலால் சுண்டிச் சுற்றவிட்டு, காதுக்குப் பக்கத்தில் பிடித்துக் கேட்பார். ஒன்றில் மட்டும் மணல் அரைபடுகிறது என்று என்னையும் கேட்கச் சொன்னார். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டது, ஆமாம் என்றேன். கேமராவுக்குப் போகிற, ரிப்பன் மாதிரி தட்டையான வயர் கிழிந்திருந்தது. மேசை டிராயரில் அவர் வாங்கி வைத்திருந்த ஒன்றை மாட்டினார். முதல் தடவையில் அது உட்காராது. பல்லைக் கடித்துக்கொண்டு வைத்துவிட்டு, மறுபடி எடுப்பார். ஒரு நாள் சால்டரிங் கம்பி விரலில் சுட்டுவிட்டது. "வலிக்குது தினேசு" என்றார். மருந்து போடும்போது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது அண்ணே. பைத்தியக்காரி என்று நினைக்காதீர்கள். வலிக்கிறது என்று அவர் சொல்லி எத்தனையோ நாளாகிவிட்டது.

இப்போது தானாகச் சவரம் செய்கிறார். பால் ஊற்றாத தே-ஓ கேட்டு வாங்கிக் குடிக்கிறார்.

ஒரே ஒரு பாகம்தான் பாக்கி. மோட்டாரைத் தாங்கும் முன்பக்க வலது கை, நடுவில் ஒடிந்திருக்கிறது. பசை போட்டு ஒட்டினார், மறுபடி விட்டுவிட்டது. "மாடல் பழசாயிருச்சு, கடையில கிடைக்காது. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வாங்கினோம். ரூபன்கிட்ட ஒரு ஸ்பேர் கை இருக்கும், கேட்டு எழுது" என்றார். நீங்களே எழுதுங்களேன் என்றேன். "நான் கேட்டா அவன் பயந்துருவான்லா. நீ எழுது" என்றார்.

ஆகவே எழுதுகிறேன். அந்தக் கையைத் தபாலில் அனுப்பினாலும் போதும். இந்தப் பக்கம் வரும் வேலை இருந்தால் நேரில் கொண்டுவந்தாலும் நல்லது. இந்த இரண்டாவது வரியை எழுதச் சொன்னவர் அவர்தான். எழுதி முடித்த பிறகு, அதை அடித்துவிடு என்றார். நான் அடிக்கவில்லை.

வார்டில் அந்தச் சின்ன வயது டாக்டர், இவரைத் தூக்கிக் காரில் போட்டது யார், இப்படி அடிபட்டவரை அசைக்கவே கூடாதே என்று கேட்டபோது, நீங்கள் கதவோரம் பழப்பையோடு நின்றுகொண்டிருந்தீர்கள். பழத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனவர்தான், அப்புறம் வரவில்லை. எனக்கு அது ஞாபகம் இருக்கிறது. அதைப் பற்றி எப்படி எழுதுவது என்று தெரியாததால் டிரோனைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறேன்.

பாப்பாவுக்கு என் அன்பு. அண்ணியை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை,
தினேஸ்வரி


சிம்பாங் பூலாய்,
17 ஆகஸ்டு 2025

அன்புள்ள ரூபன் அண்ணனுக்கு,

பாப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது? சளி பிடித்திருந்ததாகக் கலாதேவி அக்கா சொன்னார். ஜோகூரிலும் இங்கே மாதிரி மழையும் வெயிலும் மாறி மாறித்தான் இருக்கும்.

நீங்கள் அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. அதற்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன். மிச்சத்தையும் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கடிதம் போட்ட நாளிலிருந்து அவர் நாற்காலியை முன்ஜன்னல் பக்கம் தள்ளிவிடச் சொன்னார். வெளியே பார்த்தால் நேராக ரோடு தெரியும். தபால்காரர் வந்தாரா என்று ஜைனப் அக்காவிடம் தினமும் கேட்பாராம். ஒரு கார் வேகத்தைக் குறைத்தால் கழுத்தை நீட்டிப் பார்ப்பாராம். இதை அக்கா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை. தபால்காரர் எங்கேயாவது காரில் வருவாரா?

பெட்டி வந்தது ஒரு சனிக்கிழமை. நான் வீட்டில் இருந்தேன். கூரியர்காரர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்து இவர் சிரித்தார். "ஒரு கைக்கு இவ்ளோ பெரிய பெட்டியா! அவன் எப்பவும் இப்படித்தான்லா. ஒரு ஸ்க்ரூ அனுப்பக்கூட ஒரு மூட்டை பஞ்சு சுத்துவான்" என்றார். மேசையைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். டேப்பை நான் வெட்டினேன். மேலே இருந்த துணியை எடுத்தோம். கீழே உங்களுடைய கறுப்புப் பை. அதற்குள் உங்கள் டிரோன், ரிமோட், பேட்டரிகள், புதிய இறக்கைகள், தரையில் விரிக்கும் ஆரஞ்சுப் பாய்கூட இருந்தது. இவர் கேட்ட கை ஓர் ஓரத்தில், பிரிக்காத பாக்கெட்டில் இருந்தது.

ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். பெட்டி காலியான பிறகு உள்ளே கையை விட்டுத் துழாவினார். பஞ்சை உதறினார். பையின் எல்லா ஜிப்பையும் திறந்தார். ஒரு துண்டுக் காகிதத்தைத்தான் தேடினார். நானும் தேடினேன். இல்லை.

எனக்கு முதலில் புரியவில்லை. அண்ணனுக்குத்தான் எவ்வளவு நல்ல மனசு, தன்னுடையதையே கொடுத்துவிட்டாரே என்று சொன்னேன். அவர் உங்கள் டிரோனைக் கையில் வைத்துக்கொண்டு, துடைப்பது மாதிரி விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார். "கேட்டது ஒரு கைதான். அவன் எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துட்டான். இது நல்ல மனசு இல்ல தினேசு. இந்தச் சாமான் வீட்டுல இருந்தா அவனுக்கு என் ஞாபகம் வரும். அதான் வேணாம்னு அனுப்பிட்டான்."

அப்படி இருக்காது என்றேன். எல்லாவற்றையும் மறுபடி உள்ளே அடுக்கி, பெட்டியை அலமாரிக்கு மேலே வைக்கச் சொன்னார். கை இருந்த பாக்கெட்டையும் அதற்குள்ளேயே வைத்துவிட்டார்.

அதோடு எல்லாம் நின்றுவிட்டது. இன்னும் ஒரு பாகம் மாட்டினால் பறக்கும் என்று சொன்ன அவருடைய டிரோன், ஒரு கை இல்லாமல் மேசையிலேயே கிடக்கிறது. அதன்மேல் தூசு. கல்லுடைக்கும் இடத்திலிருந்து வரும் வெள்ளைத் தூசு இங்கே எல்லாவற்றின்மேலும் படியும், உங்களுக்குத் தெரியாததா. முன்பெல்லாம் மதியம் குன்றில் வெடி வைக்கும்போது ஜன்னல் அதிரும், இவர் நிமிர்ந்து பார்ப்பார். இப்போது கட்டிலைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போடச் சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஜைனப் அக்காவின் மகள் ஆஃப்ஷீன் ஆன்லைனில் துணி வியாபாரம் செய்கிறாள். அவளிடம் இந்த மாடலின் பெயரைச் சொல்லி, பாகம் எங்காவது கிடைக்குமா என்று விசாரித்தேன். போனைத் தட்டி உடனே காட்டினாள். எத்தனையோ கடைகளில் இருக்கிறது. பினாங்கிலிருந்துகூட அனுப்புகிறார்கள். அவர் போனிலேயே எல்லாச் சாமானும் தேடி வாங்குகிற மனிதர். அவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

எனக்கு அன்றுதான் புரிந்தது. கை அவருக்கு வேண்டியதே இல்லை. ஜன்னல் பக்கம் ஏன் உட்கார்ந்தார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. உங்களுக்கும் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

போன வாரம் நான் கெண்டை மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். நாற்காலியில் சமையலறை வாசல்வரை வந்தார். "நீ உங்கம்மா வீட்டுக்குப் போயிடு. தெலுக் இந்தான்லயே வேலை கிடைக்கும். உனக்கு என்ன வயசாயிருச்சு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். கடைக்குப் போனால் கீரை வாங்கிவா என்பதுபோல் சொன்னார். நான் செதில் எடுத்துக்கொண்டே இருந்தேன். மீனில் செதிலே இல்லாமல் போனதும்தான் கத்தியை வைத்தேன்.

என் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அழைத்துப்போக ஆள் அனுப்பிவிடுவார்.

அண்ணே, என் நம்பரைத் தனித் துண்டில் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் நம்பரை நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன். அவரோடு பேச முடியாவிட்டால் பரவாயில்லை, ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். நலமா என்று கேட்க வேண்டாம். டிரோனைப் பற்றியே கேளுங்கள். அந்த மோட்டாரில் மணல் போய்விட்டதா, பறக்கவிட்டாயா என்று கேளுங்கள். நீங்கள் இரண்டு பேரும் போனில் மணிக்கணக்கில் பேசியது அதைத்தானே. திட்டிக்கூட அனுப்புங்கள். உங்கள் குரலை அவர் கேட்டால் போதும்.

பாப்பாவைத் தலை குளிப்பாட்டியதும் நன்றாகத் துவட்டச் சொல்லுங்கள். சளி நெஞ்சுக்கு இறங்கக் கூடாது.

பதிலை எதிர்பார்க்கும்,
தங்கை தினேஸ்வரி


சிம்பாங் பூலாய்,
5 அக்டோபர் 2025

அன்புள்ள ரூபன் அண்ணனுக்கு,

உங்களிடமிருந்து பதில் வரவில்லை. வரும் என்று இருந்தேன். இப்போது எழுதுவது அதைக் கேட்க அல்ல. அவர் மருத்துவமனையில் இருக்கிறார். உயிருக்கு ஒன்றும் இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலையில் இருந்தேன். மதியம் ஜைனப் அக்கா சோறு கொண்டுவந்தபோது வீட்டுக்குள்ளிருந்து ஏதோ கெட்ட வாடை வந்திருக்கிறது, பிளாஸ்டிக் கருகுகிற மாதிரி. கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. எங்கள் அறைக்கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அக்கா போட்ட சத்தத்தில் நைனா முகம்மது பாய் கடையிலிருந்து ஓடிவந்து, தோளால் இடித்துக் கதவைத் திறந்தார். அறை முழுக்கக் கரும்புகை. ஜன்னல் எல்லாம் அடைத்திருந்தது. மெத்தை ஒரு பக்கமாக எரிந்துகொண்டிருந்தது. பாய்க்கும் வயது கொஞ்சமில்லை. இருந்தும் இவரை இரண்டு அக்குளிலும் பிடித்து, வாசல் சரிவுவரை இழுத்துவந்து போட்டார். அந்தச் சரிவில் இவர் இறங்கியது அப்படித்தான்.

இடது கை தோள்வரை வெந்திருக்கிறது. புகை குடித்ததால் நெஞ்சிலும் கோளாறு. பேச ஆரம்பித்ததும் எல்லாரிடமும் ஒன்றையேதான் சொன்னார். "பேட்டரிய சார்ஜ் போட்டுட்டுத் தூங்கிட்டேன்" என்று. தீயணைப்புக்காரர்களும் தலையாட்டினார்கள். இப்படி அடிக்கடி நடக்கிறதாம். பாய்கூட, இந்தச் சனியன் பிடித்த சாமான்களை வீட்டில் வைக்கக் கூடாது என்று என்னிடம்தான் கோபித்துக்கொண்டார்.

எந்தப் பேட்டரி என்று நான் போய்ப் பார்த்தேன் அண்ணே. நீங்கள் அனுப்பிய நல்ல பேட்டரிகள் அலமாரிக்கு மேலே, பெட்டிக்குள் அப்படியே இருக்கின்றன. பின்பக்கம், உப்பின பேட்டரி இருந்த பிஸ்கட் டின் திறந்து கிடந்தது. மணல் தரையில் சிந்தியிருந்தது. துணி துவைக்கும் இடத்துக்கு ஒரு படி இறங்க வேண்டும். அதில் எப்படி இறங்கினார், எப்படி ஏறினார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இதற்குமேல் நான் எழுதத் தேவையில்லை. உங்களை அறையப் போனவர் அவர். அவருக்கு மறந்திருக்காது என்பது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். வெளியே தெரிந்தால் அவருக்கு அவமானம் என்று நினைத்தேன். அப்புறம், வீட்டுக்கு அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வந்து, வார்டு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, சொன்னது நல்லது என்றார். மனநலம் பார்க்கும் ஓர் அம்மாவை அனுப்பிவைத்தார். இவரைத் தனியாக விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். நான் வேலையிலிருந்து நின்றுகொண்டேன்.

அந்த அம்மா தமிழ்ப்பெண். பொறுமையானவர். முதல் நாள் அவர் கேட்டதற்கெல்லாம் இவர் நல்ல பிள்ளை மாதிரி பதில் சொன்னார். தூக்கம் வருதா? வருது. சாப்பிடுறீங்களா? சாப்பிடுறேன். அத்தனையும் பொய். நேற்று வந்தபோது, முதலில் அடிபட்டது எப்படி என்று கேட்டார். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். அப்போதுதான் சொன்னார். அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்.

"என் கூட்டாளி ஏறாதடா ஏறாதடான்னு சட்டையப் புடிச்சு இழுத்தான். நான்தான் கேக்கல. விழுந்ததும் பாத்தா அங்க போன்ல லைன் இல்ல. மழை வேற இருட்டிக்கிட்டு வருது. என்னை முதுகுல சுமந்துகிட்டு அந்தச் செம்பனைக்காட்ட தாண்டி வந்தான். வழியெல்லாம் அழுதுகிட்டே வந்தான். தூக்குனது தப்புன்னு அவங்கிட்ட சொல்லிட்டாங்க. நானா இருந்தாலும் தூக்கியிருப்பேன்."

அந்த அம்மா, இதை அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டார். "அவன் வரலியே" என்றார். சொல்லிவிட்டுப் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

நான் உங்களிடம் பொய் சொல்ல விரும்பவில்லை. பெரிய டாக்டரிடம் போய் நேராகவே கேட்டேன். முதுகெலும்பு முறிந்தது விழுந்தபோதா, தூக்கியபோதா என்று. ஸ்கேனை மறுபடி எடுத்துப் பார்த்தார். விழுந்தபோதே நரம்பு போயிருக்கலாம், தூக்கியதில் கொஞ்சம் கூடியிருக்கலாம், இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். உங்களால் இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். இதையும் தெரிந்துகொண்டுதான் நீங்கள் வர வேண்டும்.

அவருடைய டிரோன் போய்விட்டது. மேசையோடு உருகி ஒட்டிக்கொண்டது. கேமரா இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டிதான் இருந்தது. எரிந்த மெத்தையோடு அதையும் குப்பை லாரியில் ஏற்றிவிட்டேன். அவரிடம் சொன்னேன். சரி என்றார்.

உங்களுடையதை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். வெளியே கொஞ்சம் புகை படிந்திருக்கிறது, துடைத்தால் போய்விடும். பிரிக்காத அந்தக் கையும் உள்ளேயே இருக்கிறது. இது இந்த வீட்டில் இருந்தால், எங்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று என்று நீங்கள் அங்கே இருந்துவிடுவீர்கள். எங்களுக்கு இது வேண்டாம். இனி உங்களிடம் கேட்கச் சாமான் எதுவும் இல்லை.

அடுத்த வாரம் அவரை வீட்டுக்கு அனுப்புவார்கள். அறையை நானும் ஆஃப்ஷீனும் கழுவிவிட்டோம். பாய் ஆள் வைத்துச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார். அப்படியும் வாடை போகவில்லை. தீபாவளி வருகிறது. நான் எதுவும் சுடப்போவதில்லை. ஜைனப் அக்கா முறுக்குக்கு மாவு அரைத்துத் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன்.

வாருங்கள் அண்ணே. என்ன பேசுவது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வராதீர்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். போடா என்றுகூடச் சொல்லலாம். இல்லை, உங்களிடமும் நல்லா இருக்கேன் என்று சொல்வார், அதற்குத்தான் எனக்குப் பயம். எது சொன்னாலும் எழுந்து போய்விடாதீர்கள். நான் எத்தனை மணிக்கும் கதவைத் திறப்பேன். நீங்கள் வரும்வரை அவரைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன். ஆனால் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

உங்கள் மகளுக்கு என் ஆசி. அவள் அப்பா தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார் என்று கலாதேவி அக்கா சொன்னார். காலையில் எப்படிப் போனாரோ அப்படியே சாயங்காலம் அவளிடம் திரும்பி வர வேண்டும் என்று, இங்கே விளக்கு ஏற்றும்போதெல்லாம் அவளுக்காகவும் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை,
தினேஸ்வரி பவித்ரன்